பெரட்டுக் குரல்

மருத்துவமனை நடைக்கூடத்தில் என் மகள் தரையில் மல்லாந்து படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் எண்ணை இன்னும் கூப்பிடவில்லை என்பதுதான் காரணம். "எந்திரி!" என்று ஒரு சத்தம் போட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெரியவர், தமிழில் ஒரு சொல்லும் தெரியாதவர், கைத்தடியை ஊன்றிச் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். தர்ஷினி மட்டும் எழவில்லை.

நான் புக்கிட் ரோத்தான் பக்கம் எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டத்தில் மண்டோர். ஆட்களை வேலை வாங்குகிறவன். விடிந்ததும் பெரட்டில் (ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் நேரம்) நின்று நான் போடும் குரல் கடைசி ஆள்வரை கேட்க வேண்டும். பிறகு நாலு நிரை தள்ளிக் குலை வெட்டுகிறவனுக்கும் கேட்க வேண்டும். பத்தொன்பது வருடமாக எனக்குச் சோறு போட்டது அந்தக் குரல்தான். வீட்டுக்கு வந்தால் அதைக் கழற்றி வைக்க எனக்குத் தெரியவில்லை.

தர்ஷினிக்கு அப்போது ஒன்பது வயது. ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமலும் உடம்பு ஓயாமலும் வைத்திருக்கும் மூளை வளர்ச்சிக் குறைபாடு) என்று டாக்டர் சொன்னார். சிறிய ஏமாற்றம்கூட இவளிடம் பெரிய சீற்றமாகிவிடும் என்றார். எனக்குப் பாதிதான் புரிந்தது. அடம் என்றே உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனைக்குப் போனதற்கு முந்தின வாரம் அவள் தட்டை வீசினாள். நான் அவள் கையைப் பிடித்து உலுக்கினேன். மறுநாள் காலை சீருடை மாட்டும்போது அவள் மேல்கையில் என் விரல்கள் நாலும் பதிந்திருந்தன. என் மனைவி மாலா சத்தம் போடவில்லை. ஒரு பையில் தன் துணியையும் பிள்ளையின் துணியையும் மடித்து வைத்து அலமாரி மேல் ஏற்றினாள்.

"இன்னொரு தடவ அவ மேல கை வெச்சீங்கன்னா, கிள்ளான்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவோம்லா. சொல்லிட்டேன்."

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், உங்களுக்கும் சொல்ல வெட்கப்படும் ஒரு நாள் இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

டாக்டர் மாத்திரை (மெத்தில்ஃபெனிடேட், கவனத்தை நிலைநிறுத்தும் மருந்து) கொடுத்தார். ஒரு நோட்டும் போடச் சொன்னார். சீற்றம் எப்போது தொடங்கியது, எத்தனை நிமிடம், பக்கத்தில் யார் இருந்தது. மாலா எழுதினாள். அடுத்த முறை போனபோது டாக்டர் அதைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்பா எத்தன மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?"

"ரெண்டரை, மூணு."

"காலையில குடுக்கிற மருந்தோட வேகம் இறங்குறதும் அந்த நேரந்தான். இறங்கும்போது பிள்ளைக்குச் சிடுசிடுப்பு வரும். மருந்த நான் மாத்தித் தர்றேன். மத்தத நீங்கதான் மாத்தணும்."

மருந்தின் மேல் முழுப் பழியையும் போட்டுவிடலாம் என்று நினைத்துப் போயிருந்தேன். பாதிதான் போட முடிந்தது.

சீற்றம் வரும்போது செய்ய வேண்டியது என்று டாக்டர் சொன்னது சுலபமாகத்தான் இருந்தது. உடையக்கூடியதை எடுத்துவிட வேண்டும். இரண்டு கை தூரத்தில், அவளைவிடத் தாழ்வாக, தரையில் உட்கார வேண்டும். கேள்வி, புத்திமதி எதுவும் கூடாது. முடிந்ததும் தண்ணீர் கொடுக்க வேண்டும். முதல் நாள் உட்கார்ந்தேன். என் வாய் உட்காரவில்லை. "ஏம்மா இப்படிப் பண்ற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நோட்டில் முப்பத்துநாலு நிமிடம்.

பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்கக் கற்றேன். சும்மா இருப்பது குலை தூக்குவதைவிடக் களைப்பாக இருந்தது. சில வாரம் பதினைந்து நிமிடத்துக்கு இறங்கும், பிறகு காரணமே இல்லாமல் அரை மணிக்கு ஏறும். மருந்தால் அவளுக்குப் பசி போனது. மத்தியானச் சோறு தட்டிலேயே காயும். பள்ளியிலிருந்து கூப்பிட்டால் மாலா போவாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசி வெகுநாளாகியிருந்தது. சில சாயங்காலங்களில் எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடிக்கவே இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. கையை நான் பிறகு ஓங்கவில்லை.

போன மாதம் ஒரு நாள், வேலை முடிந்து வந்து சட்டைகூட மாற்றவில்லை, போன் வந்தது. பழம் ஏற்ற வேண்டிய லோரி வரவில்லை; வெட்டிய குலையெல்லாம் மழையில் கிடக்கிறது. லோரிக்காரனைப் போனில் கூப்பிட்டுத் திட்டித் தீர்த்தேன். பெரட்டுக் குரலேதான். என்ன பேசினேன் என்று நினைவில்லை. போனை நாற்காலியில் எறிந்தபோதுதான் பார்த்தேன்: மேசையில் இருந்த என் தேத்தண்ணிக் கிளாசைக் காணோம். அது சுவரோரம் பத்திரமாக இருந்தது. இரண்டு கை தூரத்தில் தர்ஷினி தரையில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் நோட்டு.

"பன்னெண்டு நிமிசம்ப்பா. நேத்து எனக்கு ஒம்பதுதான்."

மாலா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. நானும்.

எனக்கு அது ஒரு நிமிடம் போலத்தான் இருந்தது. கத்திய தொண்டை எரிந்தது, காதுக்குள் இரைந்தது. முப்பத்துநாலு நிமிடம் என்று நாங்கள் நோட்டில் எழுதினோமே, அதற்குள் இருந்த பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் என் உடம்புக்குத் தெரிந்தது.

அலமாரி மேல் அந்தப் பை இன்னும் இருக்கிறது. உள்ளே இருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உடுத்திவிட்டார்கள். வெறும் பைதான். ஏன் இறக்கவில்லை என்று மாலாவிடம் நான் கேட்டதில்லை.

அன்று தர்ஷினி என் பெயருக்கு நேரே நிமிடத்தை எழுதிவிட்டு எழுந்து போனாள். திரும்பி வந்து, ஒன்றும் கேட்காமல், ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டினாள்.