மேலுறைக்குள் பேய்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷமாக மனிதர்களின் எலும்பைப் படம் பிடிக்கிறவள். மண்டையோடு, நொறுங்கிய முழங்கால், ஊக்கை விழுங்கிய குழந்தையின் வயிறு, எதைப் பார்த்தும் அசர மாட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பேய்க்கதையைக் கையில் எடுத்துவிட்டால், பட்டப்பகலில் இரண்டு காலையும் கட்டிலுக்கு மேலே இழுத்துக்கொள்வாள். அந்தப் பயம் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

சிக்கல் வீட்டுக்காரர்தான். கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறவர், விமர்சகர். கதையில் ஏதாவது நடந்துவிட்டாலே அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். கல்யாணமான புதிதில் அவளுடைய பேய் நாவல் ஒன்றை, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கி, "இதையெல்லாமா படிக்கிற?" என்றார். திட்டவில்லை, சிரித்தார். அதுதான் சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து பேய்கள் ஆஸ்பத்திரி அலமாரியில் ஒளிந்து குடித்தனம் நடத்தின.

பிறகு அவருடைய புத்தகம் வெளிவந்தது. 'புனைவில் மௌனம்: ஒரு மறுவிசாரணை.' நானூறு பக்கம், கெட்டி அட்டை, அதற்குமேல் சாம்பல் நிறத்தில் வழவழப்பான மேலுறை. வீட்டில் ஐம்பது பிரதிகள் வந்து இறங்கின. தூசி தட்டும்போது ஒன்றின் மேலுறை தானாகக் கழன்று அவள் கையோடு வந்தது. சும்மா ஒரு ஆசைக்கு, 'லிஃப்டுக்குள் ஐந்தாவது ஆள்' என்ற நாவலுக்குப் போட்டுப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது.

அந்த ஞாயிறு மூன்று மணி நேரம் அவள் தலை நிமிரவில்லை. விமர்சகர் எட்டிப் பார்த்தார். தன் புத்தகம்! சத்தம் போடாமல் போய், தானே டீ போட்டுக்கொண்டு வந்தார்.

"மூணாவது அத்தியாயமா? அங்க கொஞ்சம் மூச்சு முட்டும்."

"ஆமாங்க, முட்டுது" என்றாள். பொய் இல்லை. ஐந்தாவது ஆள் அப்போதுதான் ஒருவன் கழுத்தைப் பிடித்திருந்தான்.

ஒன்றரை வருஷத்தில் பதினோரு நாவல்கள் அந்த மேலுறைக்குள் வந்துபோயின. அவரோ பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் மனைவி பதினோரு தடவ படிச்சிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். விளைவு, விமர்சனக் கூட்டத்துக்கு நாள் குறித்த பதிப்பாளர் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பேராசிரியர்களே பேசினா எப்படி? ஒரு சாதாரண வாசகரா நீங்க பேசுங்கம்மா."

"எனக்கு மேடைப் பழக்கமெல்லாம் இல்லைங்க."

"படிக்கும்போது என்ன தோணுச்சோ அத சொல்லு, போதும்" என்றார் விமர்சகர்.

அவள் அதைத்தான் சொன்னாள். இரண்டு பேராசிரியர்கள் பேசி முடித்து, பாதிக் கூட்டம் கொட்டாவியில் இருந்த நேரம். "கையில எடுத்தா கீழ வைக்க முடியல. முதுகுல யாரோ மூச்சு விடற மாதிரி இருந்துச்சு. குளியலறைக்குப் போகக்கூடப் பயம்." கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பதிப்பாளர் பிரதிகளை எண்ண ஆரம்பித்தார்.

இரண்டாவது வரிசையில் ஒரு அம்மாள் எழுந்தாள். "எந்தப் பக்கத்துலங்க அப்படி? நான் முந்நூறு பக்கம் படிச்சிட்டேன். தூக்கந்தான் வந்துது."

எக்ஸ்ரே அக்கா தன் கணவரைப் பார்த்தாள். முதல் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி அவர் முகம் மலர்ந்திருந்தது. அந்த முகத்துக்கு முன்னால் இதற்குமேல் புளுக முடியவில்லை. கையிலிருந்த புத்தகத்தின் மேலுறையை உருவினாள். உள்ளே, மறுபடி படிக்க எடுத்திருந்த அந்த முதல் நாவலின் அட்டை: பாதி மூடிய லிஃப்ட் கதவும் நான்கு விரல்களும்.

"மன்னிச்சிடுங்க. நான் படிச்சதெல்லாம் இந்த மாதிரிதான்." சிரிப்பு அடங்கக் காத்திருந்தாள். "இத படிக்கிறதுல எனக்கு வெக்கமில்ல, மறைச்சதுலதான் வெக்கம். வாரம் பூரா வலியோட வர்றவங்களப் பாக்குறேன். அவங்க கண்ணுல இருக்கறது நெஜப் பயம், நான் படம் எடுத்து முடிச்சாலும் போகாது. ஞாயித்துக்கிழமையாவது, மூடி வெச்சா போயிடற பயம் வேணும் எனக்கு."

கைதட்டலை முதலில் தொடங்கியது அந்த இரண்டாவது வரிசை அம்மாள்தான்.

விமர்சகர் நான்கு நாள் பேசவில்லை. மௌனத்தைப் பற்றி நானூறு பக்கம் எழுதியவருக்கு அது பெரிய சிரமமாகவும் இல்லை. ஐந்தாம் நாள் சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே கேட்டார்: "ஒரு தடவகூடவா என் புத்தகத்தப் படிக்கல?"

"முன்னுரை படிச்சேங்க. எனக்கு நன்றி சொல்லியிருந்தீங்களே. அது நல்லா இருந்துச்சு."

அடக்கப் பார்த்தும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பேய்களை அவள் கூடத்து அலமாரிக்குக் குடிமாற்றினாள். ஒரு வாரத்தில் லிஃப்ட் நாவலைக் காணவில்லை. அது அவர் மேஜையில் கிடந்தது. ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள்: 'மிகை.' 'தர்க்கப் பிழை.' 'படியில் இறங்கினால் என்ன?' நாற்பத்து மூன்றாம் பக்கம் வரை விடாமல் எழுதியிருந்தார். அதற்கப்புறம் ஒரு கோடுகூட இல்லை. இருநூற்றுப் பத்தாம் பக்கத்தில் மட்டும் டீ சிந்தியிருந்தது.

அன்று சாயங்காலம் அவள் டீ எடுத்துக்கொண்டு போய் அவர் அறைக் கதவை மெதுவாகத் திறந்தாள். விமர்சகர் நாற்காலியோடு துள்ளினார்.

"தட்டிட்டு வரக்கூடாதா!" என்று கத்தினார்.