காப்பிப் பூத் தேன்

வாழவந்தியில் வெறும் பாறைச் சரிவைக் கொத்திக் காப்பித் தோட்டம் போட்டவன் நான். ஊற்றுக்கு இறங்கப் பாதை வெட்டியதும், கல் சுமந்து வீடு கட்டியதும் நான்தான். படித்தது மூன்றாம் வகுப்பு.

என் வேலிக்கு அந்தப் பக்கம் தபால் ஆபீஸ்காரர் ஒருவர் குடியிருந்தார். ஒல்லியான ஆள், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். பொழுதுபோக்காக இரண்டு தேனீப் பெட்டிகள் வைத்திருந்தார். அடை எடுத்ததும் முதல் சொட்டை நாக்கில் வைத்துக் கண்ணை மூடி, எந்தப் பூவின் தேன் என்று சொல்வது அவர் வழக்கம்.

ஒரு வருடம், காப்பி பூக்க வேண்டிய சமயத்தில் மழை பெய்யவில்லை. அக்கம்பக்கத்தில் யார் தோட்டமும் பூக்கவில்லை. நான் மட்டும் ஊற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றிப் பூக்க வைத்தேன். அந்த முறை அவர் கண்ணை மூடி, “காப்பிப் பூவுங்க” என்றார்.

“ஏனுங்க, யார் தோட்டத்துப் பூவுங்க?” என்றேன்.

“அதத் தேனீயத்தானுங்க கேக்கோணும்.”

“எதுக்குங்க கேக்கோணும்? இந்தத் தேன்ல பாதி நான் சொமந்த தண்ணியுங்க.”

“மெதுவாச் சொல்லுங்க, கலப்படம்னு நெனச்சுக்குவாங்க” என்று சிரித்தார்.

ஊரே அந்தத் தேனைத் தின்று அவரைப் புகழ்ந்தது. பெரிய பாட்டிலை எனக்குத்தான் கொடுத்தார். என் பெயரை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பாட்டில் காலியாகிவிட்டது. அந்தத் தேனைப் பற்றி இனி யார் பேசினாலும், பூக்க வைத்தவன் நான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.