பிஸ்கட் நாய்

மலாயாவில் அவசரகாலம் நடந்தபோது நான் அலோர் ஸ்டாரில், கால்நடைப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தேன். புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் துரை, தன் காவல் நாய்களுக்குப் பச்சை இறைச்சி நல்லதா, டின்னில் வரும் நாய் பிஸ்கட் நல்லதா என்று கேட்டிருந்தார். பார்த்துச் சொல்ல என்னை அனுப்பினார்கள். நர்ஸுகளைக் கூப்பிடுவதுபோல் தோட்டத்தில் என்னையும் 'மிஸ்ஸி' என்றார்கள்.

நாய்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தோம். நான் கவனிக்க வேண்டியவை: எடை, மலம், பல், பாதம், மேடு ஏறும்போது மூச்சு, வெயில் ஏறிய பிறகு மோப்பம். துரை கவனித்தது ஒன்றைத்தான். மேட்டுக்கு எந்த நாய் கடைசியாக வருகிறது என்று பார்ப்பார். தொடர்ந்து பின்தங்கினால் சுட்டுவிடுவார். நான் போவதற்கு முன்பே அப்படி ஒன்று போயிருந்தது.

இறைச்சி கூலிம் பசாரிலிருந்து லாரியில் வந்தது. மாட்டுத் தலை, ஈரல், எலும்பு. தொழிலாளர் லயத்துப் பெண்கள் குழாயடியில் நின்று அதைப் பார்ப்பார்கள்.

"நாய்க்கு ஈரலு, நமக்குக் கருவாடு. அடுத்த பொறப்புல தொர வூட்டு நாயா பொறக்கணும்லா."

"பொறந்தாலும் ஒனக்கு பிஸ்கட்டுதான்டி குடுப்பாங்க."

பிஸ்கட் கூட்டத்தில் இருந்த ஒரு நாயைத்தான் அவர்கள் அப்படிக் கேலி செய்தார்கள். அதை வைத்திருந்தவர் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த காவலர். மாட்டிறைச்சியைக் கையால் தொடமாட்டார். மற்றவர்கள் இடுக்கியால் எடுத்துப் போட்டார்கள். அவரால் அது முடியாது, ஏனென்றால் அவருடைய நாய் அவர் கையிலிருந்து மட்டுமே தின்னும். வலது கையைக் கழுத்தில் வைத்து "தின்னு" என்று சொன்னால்தான் வாயைத் திறக்கும். கை இல்லாமல் சொல்லுக்கு மதிப்பில்லை, சொல் இல்லாமல் கைக்கும் மதிப்பில்லை. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் விஷம் வைத்த தீனியை வீசி நாய்களைக் கொன்றுகொண்டிருந்த காலம். ஆகவே அப்படிப் பழக்கியிருந்தார்.

சில வாரங்களில் வித்தியாசம் தெரிந்தது. இறைச்சி தின்ற நாய்கள் மதியம் கடந்தும் ஓடின. பிஸ்கட் நாய்களுக்கு மேனி பளபளத்தது, மலம் இறுகி நன்றாக இருந்தது, ஆனால் வெயில் ஏறியதும் துவண்டன. மாலையில் ஒரே வேளையாகப் போடுவதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. பாதியை நடுப்பகலில் கொடுத்துப் பார்க்கலாமா என்று துரையிடம் கேட்டேன். காவலரும் பக்கத்தில் நின்றிருந்தார்.

"நடுப்பகல்ல நாய் எங்கே? கம்பிக்கு வெளியே" என்றார் துரை. "கம்பிக்கு வெளியே தீனி போகாது. யாருக்கும் போகாது."

அது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். குடியிருப்பைச் சுற்றி முள்கம்பி வேலி, வெளியே போக ஒரே கேட். ரப்பர் பால் வெட்டப் போகிற பெண்களின் தலைத்துணி, மடி, வாளி எல்லாவற்றையும் கேட்டில் பிரித்துப் பார்ப்பார்கள். ஒரு பிடி சோறு அகப்பட்டாலும் காட்டில் இருப்பவர்களுக்குக் கொண்டுபோனதாக அர்த்தம். லாக்கப், பிறகு எங்கே என்று யாருக்கும் தெரியாது. காவலர்களை மட்டும் யாரும் சோதிப்பதில்லை.

அதற்குப் பிறகு பிஸ்கட் கூட்டத்தில் அந்தக் காவலரின் நாய் மட்டும் மேட்டுக்கு முதலாவதாக வரத் தொடங்கியது. எடையும் குறையவில்லை.

பட்டணத்திலிருந்து புதிதாக ஒரு போலீஸ் சார்ஜன் வந்தார், நம் தமிழ் ஆள்தான். வந்த முதல் காலையிலேயே காவலர்களையும் வரிசையில் நிறுத்தினார். நாய்க்காரர் காலில் சுற்றியிருந்த பட்டைத் துணிக்குள் நாய் பிஸ்கட்டுகள் இருந்தன.

"இது யாருக்குடா மக்கான்? யாரு திங்க?"

"நாய்க்கு சார்ஜன்."

கைகளைப் பின்னால் கட்டினார்கள். சார்ஜன் ஒரு பிஸ்கட்டை நாயின் முன்னால் போட்டார். "நாய்க்குன்னா நாய் திங்கட்டும். திங்கச் சொல்லு."

"தின்னு" என்றார் அவர். நாய் கிட்டே வந்து பிஸ்கட்டை முகர்ந்தது. அவர் முகத்தைப் பார்த்தது. உட்கார்ந்துவிட்டது.

"தின்னுடா... சார்ஜன், ஒரு கைய மட்டும் அவுத்து விடுங்க. கை வச்சாத்தான் திங்கும்."

"அவுத்தா நீ காட்டுக்குள்ள பறந்துருவே."

வரிசையில் நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். நான் முன்னால் போய், நாயை எப்படிப் பழக்கியிருக்கிறது என்று விளக்கினேன்.

"யாழ்ப்பாணத்து மிஸ்ஸி, நீங்க போயி நாய்ப்பீய நிறுங்க" என்றார் சார்ஜன். பிறகு பிஸ்கட்டை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார். "நாயே தொடல. அப்ப இது யாருக்கு?"

காவலரை லாரியில் ஏற்றினார்கள். நாய் சங்கிலி இறுகும் வரை ஓடியது.

அன்றிலிருந்து அது தின்னவில்லை. நான் கழுத்தில் கை வைத்துச் சொல்லிப் பார்த்தேன். தண்ணீர் மட்டும் குடித்தது. விலா எலும்புகள் வெளியே தெரிந்த பிறகு, காவலருடைய மனைவி நாய்க்கொட்டகைக்கு வந்தாள். கையில் அவருடைய துவைக்காத காக்கிச் சட்டை.

"மிஸ்ஸி, தொரையக் கூப்பிடுங்க. அவரு கண்ணால பாக்கட்டும். பாத்துட்டு போலிசுக்கு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா எம் புருஷன விட்டுருவாங்க."

துரை வந்தார், தோளில் துப்பாக்கியோடு. அவள் சேலைக்கு மேல் சட்டையைப் போட்டு, முழங்கையைத் தாண்டித் தொங்கிய சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நாயின் கழுத்தில் வலது கையை வைத்தாள். "தின்னு."

நாய் சட்டையை வெகுநேரம் முகர்ந்தது. பிறகு அவள் கையிலிருந்த பிஸ்கட்டைக் கடித்தது.

"பாத்தீங்களா தொரை! பாத்தீங்களா! இதுக்குத்தான் எடுத்துட்டுப் போனாரு!"

"பாத்தேன்" என்றார் துரை. "சட்டை போட்டா யார் குடுத்தாலும் திங்குது. அப்போ நாளைக்கு விஷம் குடுத்தாலும் திங்கும். காவலுக்கு ஒதவாது. தள்ளி நில்லு."

அவளுக்குப் புரியவில்லை. நான்தான் அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். நாய் இன்னும் மென்றுகொண்டிருந்தது. ஒரே வெடி.

துப்பாக்கியைத் துடைத்தபடி துரை என் முடிவைக் கேட்டார்.

"பிஸ்கட்டை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் இறைச்சிக்குச் சமம். மேட்டுக்கு முதலில் வந்தது பிஸ்கட் நாய்தான்" என்றேன்.

"எது?"

"இது."

"செத்த நாய்க்கு என்ன கணக்கு? எல்லாத்துக்கும் இறைச்சி போடு."

அவர் போனதும் அவள் குனிந்து, நாயின் வாயோரம் கிடந்த துண்டை எடுத்தாள். பாதி பிஸ்கட், பல் பதிந்த தடம் தெளிவாக இருந்தது. சட்டை நுனியால் ரத்தத்தைத் துடைத்து, சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள்.

"நாய் கடிச்சது தெரியுதுல்ல மிஸ்ஸி? நான் பட்டணத்துக்குப் போயி அந்த சார்ஜன்கிட்டயே காட்டுறேன். இத யாரும் இல்லன்னு சொல்ல முடியாது."

முடியாதுதான். ஆனால் பட்டணத்துக்குப் போகும் வழியில் கேட் இருந்தது. பிஸ்கட்டோடு அதைத் தாண்ட முடியாது என்பதை நான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.