அப்பா வாங்காத இருபது ரூபாய்

அப்பா சபையை விட்டு ஆஸ்பத்திரிப் போதகராகப் போன வருஷம் எனக்கு ஒன்பது வயது. அதுவரை சோழவந்தானுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சபை நடத்திக்கொண்டிருந்தார். கோயில் வளவுக்குள்ளேயே வீடு. அறுப்புப் பண்டிகை வந்தால் சபையார் கொண்டுவரும் அரிசியும் பூசணிக்காயும் கோழியுமாக வீடு நிறைந்துவிடும். நாங்கள் பணக்காரர்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதுரையில் ஆஸ்பத்திரி மாதச் சம்பளம் மட்டும் கொடுத்தது. பழங்காநத்தத்தில் ஒற்றை அறை வாடகை வீடு. வாடகை, பால், பள்ளிக்கூடம் என்று ஒன்றாம் தேதியே அம்மா பிரித்து வைத்துவிடுவாள். இருபதாம் தேதிக்கு மேல் குழம்பில் காய் இருக்காது. வார்டில் செபம் பண்ணி முடித்ததும் நோயாளியின் சொந்தக்காரர்கள் அப்பாவின் கையில் எதையாவது திணிப்பார்களாம். அவர் வாங்க மாட்டார். சபையில் மட்டும் வாங்கினீர்களே என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

“அங்க சந்தோஷத்துல குடுத்தாங்க. இங்க பயத்துல குடுக்குறாங்க. அத எப்படி வாங்குறது?”

அம்மா அரிசியைக் களையத் தொடங்கினாள்.

எனக்குப் பழைய ஊரைத் தவிர வேறு நினைப்பில்லை. அந்த வருஷ அறுப்புப் பண்டிகைக்காவது போவோம் என்று தினமும் நச்சரித்தேன். பஸ்ஸுக்கும் காணிக்கைக்கும் எங்கே போவது என்றாள் அம்மா. கடவுளிடம் கேட்டுப் பார்த்தேன்.

ஒரு மத்தியானம், அம்மா குழாயடிக்குப் போயிருந்தபோது, ஒருவர் வீடு விசாரித்து வந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற சம்சாரி. மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மடித்த இரண்டு பத்து ரூபாய்த் தாள்களை என் கையில் வைத்தார்.

“ஐயாகிட்ட குடுத்துரு தாயி. இன்னும் நல்லாச் செபம் பண்ணச் சொல்லு.”

நான் யாரிடமும் சொல்லவில்லை. பண்டிகைக்கு முந்தின நாள் அம்மாவிடம் கொடுப்பதாக முடிவு செய்து, டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். என் செபம் கேட்கப்பட்டுவிட்டது என்றே நம்பினேன்.

அஞ்சாம் நாள் அவர் மனைவி இறந்துபோனாள். அன்று அப்பா வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தார். வார்டு வாசலில் அந்த மனிதர், “நான் குடுத்தது பத்தலையா சாமி?” என்று கேட்டாராம். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லையாம்.

நான் பணத்தை எடுத்து வந்து, அவர் கொடுத்தது என்று நீட்டினேன். அம்மா கையை ஓங்கினாள், அப்பா தடுத்தார். எதற்கு என்று மட்டும் கேட்டார். பண்டிகைக்குப் போகத்தான் என்றேன்.

செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னிடம், “எனக்கும் போகணும்னுதாம்மா இருக்கு” என்றார்.

மறுவாரம் பஸ்ஸுக்குப் பால் காசை எடுத்துக்கொண்டு என்னையும் அந்தக் கொடிக்கால்காரர் வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே அப்பா பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது நான் தலை நிமிரவில்லை.

“இது என் கைக்கு வரவே இல்ல. வந்திருந்தாலும் செபம் கூடியிருக்காது. வராததால குறையவும் இல்ல. தினமும் பண்ணுனேன்.”

அந்த மனிதர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அம்புட்டுப் பெரிய ஆள் அழுது நான் பார்த்ததில்லை. தான் கொடுத்தது குறைந்ததால்தான் அவள் போய்விட்டாள் என்று ஒரு வாரமாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

நாங்கள் கிளம்பும்போது, இருங்க சாமி என்று சொல்லிவிட்டுக் கொடிக்காலுக்குள் போனார். ஒரு கட்டு அகத்திக்கீரையோடு வந்து நீட்டினார். அப்பா வேண்டாம் என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவரோ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தார். கண் கலங்கியிருந்தது, முகம் என்னவோ தெளிவாக இருந்தது. இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு கட்டுக் கீரையை இவர் ஏன் இப்படித் தாங்கிக்கொண்டு வருகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. யாராவது பார்க்கப்போகிறார்கள் என்று சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.