அம்மா வைத்த ஒப்பாரி

பேய், ஆவி என்று யாராவது கதையைத் தொடங்கினால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுகிற ஆள் நான். டென்மார்க்கில், விபோர்க் நகரத்து முதியோர் இல்லமொன்றில் வேலை. எத்தனையோ பேருக்கு என் கையாலேயே கண்ணை மூடிவிட்டிருக்கிறேன், ஒருவராவது திரும்பி வந்து நன்றி சொன்னதில்லை. ஆகவே நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது, ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் தம்பி ஜெராட் இலங்கையில் கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். செத்தான் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. நவம்பரில் தமிழ்ப் பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள், எங்களோடு இருக்கும் அம்மா அவன் பெயரை மட்டும் கொடுக்க விடமாட்டா. ஒருமுறை நான் மெல்லக் கேட்டதற்கு, "உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு ஆரும் ஒப்பாரி வைப்பினமோ?" என்று கத்தினா. அந்த நம்பிக்கையில்தான் அம்மாவின் உயிரே ஓடிக்கொண்டிருந்தது.

போன மார்ச்சில், என்னோடு வேலை செய்யும் ஐரிஷ்காரி மேவ், புனித பத்திரிசியார் திருநாள் கொண்டாட்டத்துக்குக் கோபன்ஹேகன் வா என்று கூப்பிட்டாள். தவக்காலத்தில் ஆட்டம் பாட்டம் என்றால் அம்மா வீட்டை இரண்டாக்கிவிடுவா. அதனால் சிநேகிதி வீட்டுக்குப் போறன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன், கணவரான இவரிடமும் அதையேதான் சொன்னேன்.

சனிக்கிழமை ஊர்வலம், மேளம், பச்சைத் தொப்பி, நாய்க்குக்கூடப் பச்சை ரிப்பன். நானும் ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு வெட்கமில்லாமல் சிரித்துத் திரிந்தேன். மறுநாள் மத்தியானம் பச்சைக்கொடி கட்டிய ஒரு மண்டபத்தில், அவர்கள் ஊரில் முன்பு செத்தவீட்டில் பாடுகிற பாட்டை ஒரு வயதான பெண் பாடுகிறா என்று மேவ் கூட்டிப்போனாள். உட்காரக் கதிரை ஒன்றுகூட இல்லை, எல்லோரும் நின்றுதான் கேட்டோம். நான் பின்சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன்.

பாட முதல் அந்தப் பெண், உங்களில் யாராவது உங்கள் இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள், அவருக்காகப் பாடுகிறேன் என்றா. நம்பினால் நம்புங்கள், என் வாய் தானாக "ஜெராட்" என்று சொல்லிவிட்டது. விட்ட சொல்லைத் திருப்பிப் பிடிக்க முடியுமா?

அவ நின்றபடியே தொடையில் அடித்து அடித்து, முன்னும் பின்னும் ஆடி, எங்கள் பெண்கள் மாதிரியே பாடினா. ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. நடுவில் "சூட்டி" என்று வந்தது, ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப வந்தது. சூட்டி என்பது தம்பியின் வீட்டுப் பெயர். அம்மா மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவா, என் கணவருக்கே அது தெரியாது.

முடிந்ததும் ஓடிப்போய், இந்தப் பெயர் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவ ஆச்சரியமாகப் பார்த்து, "உங்களுக்குப் பின்னால் நின்ற அம்மா சொன்னாரே" என்றா. எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற மேவும் யாரையும் காணவில்லை.

வெளியே வரும்போதே இவருடைய போன் வந்தது. "மாமி மத்தியானம் படுத்தவா, திடீரெண்டு எழும்பி ஒப்பாரி வைக்கிறா. சூட்டி சூட்டியெண்டு குழறுறா. ஆர் அது? நீர் கெதியா வாரும்."

ரயிலில் வழி முழுக்க அழுதேன். செத்தவன் என்று பெயர் சொல்லித் தம்பியை நானே கொன்றுவிட்டேன் என்றுதான் மனம் அடித்துக்கொண்டது, இன்றும் சில நாள் அப்படித்தான் இருக்கிறது.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா அமைதியாகக் கட்டிலில் இருந்தா. குரல் கட்டிப்போயிருந்தது. "வாற நவம்பரிலை அவன்ரை பேரைக் குடு பிள்ளை" என்றா. பிறகு காலை நீட்டி, "கொஞ்சம் எண்ணெய் பூசிவிடு. அந்தப் பச்சைக்கொடி மண்டபத்திலை ஒரு கதிரையும் இல்லை, நிண்டு நிண்டு கால் உளையுது" என்றா.

எண்ணெயைச் சூடாக்கி வந்து பூசினேன். கால் இரண்டும் வீங்கியிருந்தன. அன்று நான் எங்கே போனேன் என்று அம்மா இன்றுவரை கேட்டதில்லை, நானும் சொல்லவில்லை.