மூளைக்கட்டி எலிகளும் ஒரு பொட்டலம் மக்ரூனும்

எலியை ஒழிக்கிறவனுக்கு ஊரில் மரியாதை உண்டு, வளர்க்கிறவனுக்குக் கிடையாது. ஆய்வகத்தில் எலிகளோடு குப்பை கொட்டும் சக பாவிகளே, இது உங்களுக்குப் புதிதல்ல.

குடோன் எலி

தூத்துக்குடியில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனேன். வீட்டுக்காரர் பலசரக்கு மொத்த வியாபாரி. என்ன வேலை என்றார். மரபணு மாற்றிய எலியின் மூளைச் செல்லில் ஒரு கதவு மாதிரி வைத்திருப்போம், அதன் வழியே நுழையும் வைரஸை ஊசியில் ஏற்றினால் மூளையில் கட்டி வரும், பிறகு மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்ட அண்ணாச்சி சொன்னார்: "சம்பளம் குடுத்தா எலிக்கு வியாதி வர வைக்காங்க? நம்ம குடோன்ல சும்மாவே அம்புட்டு எலி கெடக்கு. ஒருநாள் வந்து ஊசி போட்டுட்டுப் போங்க தம்பி."

மிக்கேல் அண்ணன் கேட்டது

எங்கள் கூண்டுகளைப் பராமரிப்பவர் மிக்கேல் அண்ணன். எலி நடையில் லேசாகச் சாய்ந்தாலே கண்டுபிடித்துவிடுவார். ஸ்கேன் எல்லாம் அப்புறம்தான். எடை ஓர் அளவுக்குக் கீழே போனால் அந்த எலியை அன்றே வலியில்லாமல் முடித்துவிட வேண்டும் என்பது விதி. அதற்கு மட்டும் அவர் அறையில் நிற்க மாட்டார்.

போன வருஷம் அவர் மனைவிக்குத் தலையில் கட்டி என்று தெரிந்தது. "இதே வியாதிதானா தம்பி?" என்றார். கிட்டத்தட்ட இதேதான் என்றேன். எலிக்குக் கேட்ட மருந்து மனுஷருக்கு வர வருஷக்கணக்காகும், வராமலும் போகலாம். அதையும் சொல்லியிருக்க வேண்டும். அவர் கூண்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அப்ப இதுகள நான் நல்லாப் பாத்துக்கிடுதேன்."

ஏறிய எடை

அடுத்த சோதனையில் ஓர் எலிக்கும் எடை குறையவில்லை. எந்தக் கூண்டுக்கு மருந்து, எதற்கு வெறும் தண்ணீர் என்பது கடைசிவரை எங்களுக்கே தெரியாது. எண் மட்டும்தான் இருக்கும். ஆய்வை நடத்தும் மேடத்துக்கு வாயெல்லாம் பல். கடைசியில் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால், வெறும் தண்ணீர் கொடுத்த எலிகளும் கொழுத்திருந்தன. ஸ்கேனில் எல்லாவற்றுக்கும் கட்டி வளர்ந்திருந்தது. கூண்டுக்குள் பரப்பிய மரத்தூளைக் கிளறினேன். தூத்துக்குடி பேக்கரிகளில் விற்கும் முந்திரி இனிப்பு, மக்ரூன் துணுக்குகள்.

திட்டத்தான் கூப்பிட்டார் மேடம். மிக்கேல் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "எலி பொழச்சாத்தான மேடம் மருந்து வரும்? வீட்ல அவளுக்கு இது ஒண்ணுதான் தொண்டைல எறங்குது. இதுகளுக்கும் எறங்கும்னு பாத்தேன்."

ஆறு வாரச் சோதனையைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். மக்ரூனுக்குக் கட்டி கரையாது என்பது மட்டும் அதில் உறுதியானது.