ஓணத்துக்கு விட்டுவைத்த வாழை

என் மாமனார் அடுத்தவர் நிலத்தில் குத்தகைப் பாட்டம் அளந்தே வயதானவர். உழுபவருக்கே நிலம் என்று சட்டம் வந்த பிறகு பாறசாலைக்குக் கிழக்கே அந்த நிலம் அவர் பெயருக்கே ஆனது. என் கணவர் கல்ஃபில் சம்பாதித்த பணத்தில் அதில் ஏத்தன் என்கிற நேந்திர வாழை வைத்தோம். மேல்பாதி ஓணத்துக்கு வெட்ட. கீழ்ப்பாதியில் இளங்கன்று, அதற்கப்புறம் வெட்ட. இரண்டும் விளைந்தால் திரும்பிப் போகமாட்டேன் என்று லீவில் வந்திருந்த கணவர் சொன்னார். கல்யாணமான பிறகு அவரோடு நான் இருந்ததே சில மாதம்தான். அந்தக் கன்றுகளைத் தினமும் போய்ப் பார்ப்பேன்.

ஆனியில் மேல்பாதியில் சில வாழைகளுக்குக் கூம்படைப்பு வந்தது. இலை குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும் நோய். வாழையில் ஒட்டிச் சாறு குடிக்கும் பேன்தான் பரப்பும். மருந்துக்கு மாறாது, உடனே கிழங்கோடு தோண்டி அழியுங்கள் என்றார் விவசாய ஆபீஸர்.

யாரும் தோண்டவில்லை. ஊரில் பலமுள்ளவனெல்லாம் கல்ஃபுக்குப் போய்விட்டான். மிச்சமிருந்தவன் கேட்ட கூலி குலையின் விலைக்கு மேலே நின்றது. அதோடு, நோய் வந்த வாழைகள் ஏற்கெனவே குலை தள்ளியிருந்தன.

"சின்னக் கொலையானாலும் ஓணத்துக்கு வெல உண்டு மக்கா," என்றார் மாமனார். "இப்பம் தோண்டுனா குழிதான் மிச்சம்."

"பேனுக்கு ஓணம் தெரியுமா மாமா?"

"நீ ஒரு கலண்டர் கொண்டுபோய்க் காட்டு," என்றார் கணவர். இருவரும் சிரித்தார்கள்.

அந்தச் சூம்பிய குலைகளும் நெய்யாற்றின்கரைச் சந்தையில் நல்ல விலைக்குத்தான் போயின. மாமனார் எல்லோருக்கும் ஓணக்கோடியாகப் புதுத்துணி எடுத்தார். எனக்குப் பச்சைக் கரை வைத்த முண்டு.

ஓணம் கழிந்து பார்த்தால் கீழ்ப்பாதியில் பெரும்பாலான கன்றுகளுக்கு இலை அதேபோல் குறுகி நெட்டுக்குத்தாக நின்றது. குலையே தள்ளாது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் இதே கதைதான், எல்லோரும் ஓணத்துக்குத்தான் காத்திருந்தார்கள். இனி அங்கே வாழை வைத்தாலும் அந்தப் பேன் சும்மா விடாது.

கணவர் ஆள் தேடவில்லை. தானே மண்வெட்டி எடுத்து ஒவ்வொரு கன்றாகத் தோண்டினார். கடைசிக் கன்றையும் தீயில் போட்டுவிட்டுக் கைகழுவ வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், "பாஸ்போர்ட்ட எடுத்து வையி," என்றார்.

அவர் கிளம்பிய காலையில் மாமனார் வழியனுப்ப வரவில்லை. கீழ்ப்பாதியில் குனிந்து குழிகளை மூடிக்கொண்டிருந்தார். கார் வந்து ஹாரன் அடித்தது. மாமனார் நிமிரவில்லை. நானும் கூப்பிடவில்லை.